அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குப் புரியும்படி உடல்நலத் தகவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரோடு வாழ்பவர்கள், அவருக்குச் சிகிச்சை தருபவர்கள், அவருக்காக உடல்நலம் பற்றி எழுத உட்காருபவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. பெற்றோர், உடன்பிறந்தவர்கள், சிறப்பு ஆசிரியர்கள், நர்ஸ்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பலரும் தடுமாறும் இடங்களில் பதில் நீளமாக இருக்கும்.

யாரை மனதில் வைத்து இப்படித் தகவல் தயாரிக்கிறோம்?

புதிதாக ஒன்றைக் கற்பதிலும், சிக்கலான விஷயத்தைப் புரிந்துகொள்வதிலும், அன்றாட வாழ்க்கையைத் தனியாகச் சமாளிப்பதிலும் சிறு வயதிலிருந்தே சிரமம் உள்ளவர்களை. டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் காரணம் இருக்கலாம், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், காரணமே தெரியாமலும் போகலாம். ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது லேசான குறைபாடுதான். நன்றாகப் பேசுவார்கள், பலர் கொஞ்சம் படிப்பார்கள், வேலைக்கும் போவார்கள். இன்னும் சிலரோ ஒரு சொல்கூடப் பேசாமல் கண்ணாலும் உடம்பாலும் மட்டுமே பேசுபவர்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே தாள் என்பது முதலிலேயே நடக்காத காரியம்.

கூட வரும் அம்மாவிடமோ அண்ணனிடமோ சொன்னால் போதாதா?

போதாது. டாக்டரின் அறையில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்கிறார், அம்மா பதில் சொல்கிறார், 35 வயது மகன் நடுவில் உட்கார்ந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். வயிறு அவருடையது. ஊசி ஏறப்போவது அவர் கையில். மாத்திரையை விழுங்குவதும் துப்புவதும் அவர்தான். இரவு 2 மணிக்கு நெஞ்சு அடைத்தால் யாரையாவது எழுப்ப வேண்டும் என்று அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கும் வயதாகிறது; எப்போதும் பக்கத்திலேயே இருக்க முடியாது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரிடமும் சொல்லுங்கள். ஆனால் முதலில் அவரிடம், அவர் பெயரைச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து. அப்புறம் அம்மாவிடம். இந்த வரிசை மாறினாலே அவர் கவனிப்பதை நிறுத்திவிடுவார். தன்னைப் பற்றிய பேச்சு தனக்கான பேச்சு இல்லை என்று பல வருடப் பழக்கம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

இதன் விலை சின்னதல்ல. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடுள்ள 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013-இல் ஒரு விசாரணை அறிக்கை வந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண்கள் 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்திருந்தார்கள். நல்ல மருத்துவம் உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களும் இவர்களிடையே அதிகம். தகவல் போய்ச் சேராதது மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. ஆனால் நோய் கண்டுபிடிக்கத் தாமதமான கதைகளைக் கிளறிப் பார்த்தால், அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது பெரும்பாலும் அடியில் கிடக்கும்.

ஈஸி ரீட் என்கிறார்களே, எளிய தமிழில் எழுதுவதுதானே அது?

அதைவிட ஒரு படி மேலே போக வேண்டும். எளிய தமிழ் எல்லோருக்கும் நல்லது. ஈஸி ரீட் என்பது ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு கருத்து, ஒவ்வொரு வாக்கியமும் புது வரியில், பெரிய எழுத்து, பக்கத்திலேயே படம் என்ற அமைப்பு. இன்க்ளூஷன் யூரோப் என்ற அமைப்பு 2009-இல் இதற்கான விதிகளை வெளியிட்டது: எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக்கூடாது, சாய்வெழுத்து வேண்டாம், ஒரு சொல்லை இரண்டு வரிகளில் உடைக்க வேண்டாம், சதவீதக் கணக்கைத் தவிருங்கள். அந்த விதிகளை உருவாக்கும்போது அறிவுசார் குறைபாடுள்ளவர்களே கூட உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் எழுத்தைப் பெரிதாக்குவதும் வாக்கியத்தை வெட்டுவதும் சுலபம். எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். ஒரு நோயைப் பற்றி மருத்துவர் எழுதித் தரும் 30 விஷயங்களில் 5 அல்லது 6 மட்டும்தான் இந்தத் தாளில் இருக்க முடியும். விட்டுவிட்டால் தப்பாகிவிடுமோ என்ற பயம் மருத்துவர்களுக்கு இருக்கும், நியாயமான பயம்தான். நான் ஒவ்வொரு வரியையும் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: இதைத் தெரிந்துகொண்டு அவர் என்ன செய்யப்போகிறார்? செய்ய எதுவும் இல்லை, பயம் குறையவும் அது உதவாது என்றால் அந்த வரி போகலாம். கணையம் எங்கே இருக்கிறது என்பதைவிட, உடம்பு நடுங்கி வியர்த்தால் உடனே யாரிடம் சொல்ல வேண்டும் என்பது சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவருக்கு முக்கியம்.

ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அறிவிப்பு இப்படி இருக்கும்: "இரத்த மாதிரி சேகரிக்கப்படுவதற்கு முந்தைய 8 மணி நேரத்திற்கு உணவு உட்கொள்வதைத் தவிர்க்கவும். வழக்கமான மருந்துகள் குறித்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்."

இதையே இப்படி எழுதலாம்:

நாளை காலை உங்களுக்கு ரத்தப் பரிசோதனை.
இன்று ராத்திரி சாப்பிடுங்கள்.
அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடாதீர்கள்.
தண்ணீர் குடிக்கலாம்.
காலையில் எழுந்ததும் சாப்பிடாதீர்கள்.
நர்ஸ் உங்கள் கையில் ஒரு பட்டை கட்டுவார்.
அது இறுக்கமாக இருக்கும்.
நர்ஸ் ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்.
ஊசி குத்தும்போது வலிக்கும்.
வலி சீக்கிரம் போய்விடும்.
பயமாக இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள்.
கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம்.
ரத்தம் எடுத்த பிறகு நீங்கள் சாப்பிடலாம்.

இரண்டு இடங்களைக் கவனியுங்கள். "வலிக்காது" என்று எழுதவில்லை. வலிக்காது என்று சொல்லி ஒருமுறை ஊசி குத்தினால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். சிலருக்கு அந்த அவநம்பிக்கை ஆயுசுக்கும் போகாது. இரண்டாவது, மருந்து பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அந்த வரியைப் பொதுவாக எழுதவே முடியாது. "காலை மாத்திரையைப் போடுங்கள்" என்றோ "காலை மாத்திரையைப் போடாதீர்கள்" என்றோ அவரைத் தெரிந்த மருத்துவர் பேனாவால் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், எதுவும் சாப்பிடாதே என்றதை அப்படியே எடுத்துக்கொண்டு அவர் வலிப்பு மாத்திரையையும் விட்டுவிடுவார். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனாலும் சிலருக்கு வலிப்பு வந்துவிடும். சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்பவர்களுக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பு ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. ஆங்கில வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு தமிழில் எழுதினால் இவை தப்பிவிடும்.

முதலாவது, நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. "காலையில் எழுந்து, பல் தேய்த்து, ஒரு டம்ளர் தண்ணீரில் பொடியைக் கலக்கி, 10 நிமிடம் கழித்து" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிச் சொல்வரை தெரியாது. அதற்குள் முதல் பாதி நினைவிலிருந்து போயிருக்கும். ஒவ்வொரு செயலையும் முற்றுவினையில் முடித்து அடுத்த வரிக்குப் போங்கள். எதிர்மறை விகுதியும் சொல்லின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "நிறுத்தலாகாது" என்பதில் "நிறுத்த" வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். "மாத்திரையைத் தினமும் போடுங்கள்" என்று நேராகவே எழுதிவிட்டு, தேவைப்பட்டால் அடுத்த வரியில் "நீங்களாக நிறுத்த வேண்டாம்" என்று எழுதலாம்.

சொற்களைச் சேர்த்து நீளமாக்காதீர்கள். "எடுத்துக்கொள்ளவேண்டியிருப்பதால்" என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பாதியில் விட்டுவிடுவார். செயப்பாட்டு வினை வேண்டாம். "பரிசோதிக்கப்படுவீர்கள்" என்றால் யார் செய்யப்போகிறார் என்பது காணாமல் போகிறது. அவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறாக இருப்பது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவருக்கு எழுத்துத் தமிழ் பாதி அந்நியமான மொழி. ஆகவே குரல் பதிவோ வீடியோவோ செய்தால் பேச்சுத் தமிழிலேயே பேசுங்கள், அவர் வீட்டில் பேசுவது போல. எழுத்தில் இலக்கணம் இருக்கட்டும். சொற்களை மட்டும் வாயில் புழங்குவதிலிருந்து எடுங்கள். ஊசி, மாத்திரை, டாக்டர், ஆபரேஷன், ஸ்கேன், பிரஷர், சுகர் இவை யாருக்கும் புரியும். "அறுவை சிகிச்சை" என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இந்த ஒரு இடத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

படம் போட்டால் புரிந்துவிடுமா?

தானாகப் புரியாது. உடம்பிலிருந்து கழன்று தனியாக மிதக்கும் வயிற்றுப் படம் சிலருக்குப் பயமூட்டும். பலருக்கு அது வயிறு என்றே தெரியாது. முழு ஆளை வரைந்து, அவர் கை வயிற்றின் மேல் இருப்பதாகக் காட்டுங்கள். சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் அது கூடாது என்ற அர்த்தம் எல்லோருக்கும் எட்டாது. குறியின் அடியில் இருக்கும் படத்தைப் பார்த்து அதையே செய்பவர்களும் உண்டு. ஒரு வாக்கியத்துக்கு ஒரு படம் போதும். அலங்காரத்துக்காக ஒரு படமும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியைப் பற்றிய தாளாக இருந்தால் வரைந்த படத்தைவிட போட்டோ நல்லது. அவர் உள்ளே போகப்போகிற அதே வாசல், அதே நாற்காலி, அதே ஸ்கேன் இயந்திரம். ஒரு செல்போனும் 10 நிமிடமும் போதும். முடிந்தால் அங்கே வேலை செய்பவரின் அனுமதியோடு அவர் முகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கும்போது தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வயது வந்தவர்களுக்கான தாளில் குழந்தைக் கார்ட்டூன் போடாதீர்கள். 40 வயதுப் பெண்ணிடம் கரடிப் பொம்மையின் வாயிலாக மார்பகப் பரிசோதனை பற்றிப் பேசுவது மரியாதை இல்லை.

மணி, அளவு, ஆபத்து இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"8 மணி நேரத்துக்கு ஒருமுறை" என்பதைக் கடிகாரம் பார்க்கத் தெரியாதவரால் செய்ய முடியாது. அவர் நாளில் ஏற்கெனவே இருக்கும் செயல்களோடு கட்டுங்கள்: பல் தேய்த்த பிறகு ஒன்று, மதியம் சாப்பிட்ட பிறகு ஒன்று, படுக்கும் முன் ஒன்று. "தேவைப்பட்டால் போடவும்" என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். எப்போது தேவை, ஒரு நாளில் எத்தனைக்கு மேல் கூடாது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பக்க விளைவைச் சதவீதமாகச் சொன்னால் ஒன்றும் புரியாது. 10 பேர் படம் போட்டு ஒருவருக்கு மட்டும் நிறம் கொடுத்தால் ஓரளவு புரியும். அப்போதும் "அந்த ஒருவர் நானா?" என்று கேட்பார்கள். "தெரியாது, யாருக்கும் முன்கூட்டியே தெரியாது" என்பதுதான் பதில்.

படிக்கவே தெரியாதவர்களுக்கு?

தாளை ஓரமாக வைத்துவிடுங்கள். எழுத்தே இல்லாத படக்கதைகளை வரிசையாகக் காட்டி, என்ன நடக்கிறது என்று அவரையே சொல்ல வைக்கலாம். சிறிய வீடியோ காட்டலாம். பொருளையே கையில் கொடுக்கலாம்: பிரஷர் பார்க்கும் பட்டையை வீட்டில் கட்டிப் பார்ப்பது, ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டுப் பார்ப்பது. சிகிச்சை நாளுக்கு முன்பு ஒருமுறை சும்மா அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவதும் தகவல்தான். ஊசிக்கு மிகவும் பயப்படுபவர்களுக்குத் தோலை மரத்துப்போகச் செய்யும் க்ரீம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், அதனால் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

எவ்வளவு நாள் முன்பாகச் சொல்வது என்பது ஆளைப் பொறுத்தது. ஒரு வாரம் முன்பே சொன்னால் வாரம் முழுக்கத் தூங்காதவர்கள் இருக்கிறார்கள். அன்று காலை சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இதைத் தாள் எழுதுபவரால் முடிவு செய்ய முடியாது, அவரோடு வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கே வலிக்கிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லையே?

இது மிக முக்கியமான கேள்வி. தகவல் நம்மிடமிருந்து அவருக்குப் போனால் மட்டும் போதாது, அவரிடமிருந்து நமக்கும் வர வேண்டும்.

திடீரென்று தலையில் அடித்துக்கொள்கிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார், வெளியே போக மறுக்கிறார், யாரையும் தொட விடுவதில்லை என்றால், "அவர் அப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மருத்துவர்களும் அப்படியே செய்கிறார்கள். அறிவுசார் குறைபாட்டின் நிழலில் இன்னொரு நோய் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு 1982-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்தார்கள், டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங் என்று. அவர்கள் பேசியது மனநோய் தவறிப்போவதைப் பற்றி. இன்று உடல் நோய்களுக்கும் அந்தப் பெயர் பொருந்துகிறது. தலையில் அடித்துக்கொண்டவருக்குக் காதில் சீழ், பல்லில் சொத்தை, வயிற்றில் நாள்கணக்காக இறுகிய மலம் இருந்திருக்கும்.

நடத்தை புதிதாக மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள்: பல், காது, வயிறு, சிறுநீர், கால். அவர் நன்றாக இருக்கும்போது முகம் எப்படி இருக்கும், எப்படித் தூங்குவார், என்ன சத்தம் போடுவார் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். வலியில் இருக்கும் முகத்தை ஒரு புது டாக்டர் அடையாளம் காண, சாதாரண முகம் எது என்று யாராவது சொன்னால்தான் முடியும்.

பேசக்கூடியவர்களிடம் கேட்கும்போது "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பலர் எதற்கும் "ஆமாம்" என்பார்கள். மறுத்துப் பேசினால் திட்டு விழும் என்று சிறு வயதிலிருந்தே பழகியிருக்கிறார்கள். உடம்புப் படத்தைக் கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அல்லது அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, "வயிறு நன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் வந்தால், வேறு வழியில் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

ஆஸ்பத்திரி பாஸ்போர்ட் என்று சொல்லப்படும் தாள். பிரிட்டனில் பரவலாகப் பயன்படுகிறது. பலவற்றில் போக்குவரத்து விளக்கின் 3 நிறங்கள் இருக்கும். சிவப்பில் உயிர் தொடர்பானவை: ஒவ்வாமை, வலிப்பு, எடுக்கும் மருந்துகள், விழுங்குவதில் சிரமம். மஞ்சளில் எப்படிப் பேசுவார், வலியை எப்படிக் காட்டுவார், கழிவறைக்கு உதவி வேண்டுமா என்பவை. பச்சையில் எது பிடிக்கும், எது பிடிக்காது, எது அமைதிப்படுத்தும். அவரையும் உட்கார வைத்து அவர் சொல்வதையே எழுதுங்கள். 2 பக்கத்துக்கு மேல் போனால் அவசரப் பிரிவில் யாரும் படிக்க மாட்டார்கள்.

எந்த நோய்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்?

பேசக் கூச்சப்படும் மலச்சிக்கலிலிருந்து தொடங்குவேன். நடமாட்டம் குறைவு, தண்ணீர் குறைவு, சில மனநல மருந்துகள் எல்லாம் சேர்ந்து இது இவர்களுக்கு அதிகமாக வருகிறது. முற்றிவிட்டால் குடல் அடைத்து உயிர் போகும் அளவுக்குப் போகும், போயிருக்கிறது. எத்தனை நாளாக மலம் போகவில்லை என்று குறிக்க ஒரு படக் காலண்டர் போதும். அடுத்து விழுங்கும் சிரமம். சாப்பிடும்போது இருமுவது, குரல் ஈரமாகக் கேட்பது, திரும்பத் திரும்ப நிமோனியா வருவது இவை அதற்கான அறிகுறிகள். வலிப்பு, பல், பார்வை, காது ஆகியவற்றுக்கும் தாள் வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தனியாகச் சில உண்டு. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். தைராய்டு குறைவது சகஜம் என்பதால் ரத்தப் பரிசோதனை ஒழுங்காக நடக்க வேண்டும். இல்லையென்றால் சோர்வும் மந்தமும் குறைபாட்டின் கணக்கில் போய்விடும். மறதி நோயும் சீக்கிரம் வரும். அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது, அவர்களிடம் அந்தக் குரோமோசோம் 3 இருக்கின்றன. 40 வயதைத் தாண்டியவருக்குப் பழகிய வேலை மறந்துபோனால் சோம்பல் என்று நினைக்காமல் டாக்டரிடம் போங்கள். தைராய்டு, காது, தூக்கம், மனச்சோர்வு எதுவும் அதே போலக் காட்டலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

மனநல மருந்துகளைப் பற்றிக் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள். எந்த மனநோய்க்காக, எவ்வளவு காலம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று. இங்கிலாந்து அரசின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-இல் சொன்ன கணக்குப்படி, அங்கே அறிவுசார் குறைபாடுள்ள 30,000 முதல் 35,000 பெரியவர்கள் தினமும் அதற்கான நோய் எதுவும் இல்லாமலேயே இத்தகைய மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு 2016-இல் அந்த வழக்கத்தைக் குறைக்க ஒரு தேசிய இயக்கமே தொடங்கினார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மாத்திரை எதற்கு என்று அந்த மாத்திரையைப் போடுபவருக்கும் தெரிய வேண்டும்.

சம்மதத்தை யாரிடம் வாங்குவது?

அவரிடம். முடிவெடுக்கும் திறன் ஒரு மனிதருக்கு மொத்தமாக உண்டு அல்லது இல்லை என்று பிரிக்கக்கூடியதல்ல. பல் பிடுங்குவதைப் பற்றித் தெளிவாக முடிவெடுப்பவருக்கு இதய ஆபரேஷன் பற்றி முடிவெடுக்க உதவி தேவைப்படலாம். தகவலைப் புரிந்துகொள்வது, கொஞ்ச நேரம் நினைவில் வைப்பது, நல்லது கெட்டதை எடைபோடுவது, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிப்பது என்ற நான்கையும் பார்க்க வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம். புரியும்படி சொல்ல எல்லா முயற்சியும் எடுத்த பிறகுதான் ஒருவரால் முடியாது என்று சொல்லலாம் என்றும் அதே சட்டம் கேட்கிறது. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு. ஆனால் புரியாத மொழியில் கேட்டுவிட்டு, அவருக்குப் புரியவில்லை என்று எழுதுவது எங்கேயும் நியாயம் இல்லை.

மாதவிடாய், உடலுறவு, புற்றுநோய், மரணம். இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்ல வேண்டும், நேரான சொற்களில். மாதவிடாய் வருவதற்கு முன்பே தெரியாத பெண் ரத்தத்தைப் பார்த்துத் தான் சாகப்போவதாக நினைப்பாள். உடலின் மறைவான உறுப்புகளுக்குப் பெயர் தெரியாதவரால், யாராவது அத்துமீறித் தொட்டால் அதை இன்னொருவருக்குச் சொல்ல முடியாது. பாதுகாப்பதற்காகவே மறைக்கிறோம் என்று குடும்பங்கள் சொல்வதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த மறைப்பு அத்துமீறுபவருக்குத்தான் பாதுகாப்பாக முடிகிறது.

மரணத்தைப் பற்றிப் பேசும்போது "தூங்கிவிட்டார்" என்று சொல்லாதீர்கள். அப்பா தூங்கினார், திரும்பி வரவில்லை என்று கேட்டவர் அன்றிரவு படுக்கவே பயப்படுவார். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்போம் என்று டாக்டர் பிற்பாடு சொல்லும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். "அப்பா செத்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அவர் திரும்பி வர மாட்டார்." கேட்கக் கடினமாக இருக்கும். துக்கப்பட அவருக்கும் உரிமை இருக்கிறது.

டாக்டருக்கு இவ்வளவு நேரம் ஏது?

இரட்டை நேரம் கேளுங்கள், அல்லது கூட்டம் சேரும் முன் முதல் ஆளாக வரச் சொல்லுங்கள். கேள்விகளைப் படமாகவோ எழுத்தாகவோ வீட்டிலேயே தயார் செய்து வரலாம். கேட்டுவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள்; பதில் வர நேரம் ஆகும். முடிவில் "புரிந்ததா?" என்று கேட்க வேண்டாம். "வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

இந்தத் தாள்களால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா?

தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவதால் மட்டும் பெரிய பயன் இல்லை. ஆய்வு முடிவுகளும் கலவையாகத்தான் இருக்கின்றன. படம் சேர்த்த எல்லாத் தாளும் புரிதலைக் கூட்டிவிடவில்லை. நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தகுந்தபடி மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சேர்ந்து பார்க்கும்போதுதான் தாள் வேலை செய்கிறது என்பதே என் அனுபவமும்.

கேட்டுப் பெற உரிமை உண்டா?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறி 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு அணுகக்கூடிய வடிவில் தகவலையும், 25-ஆம் பிரிவு மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவத்தையும், விளக்கிச் சொன்ன பிறகு பெறும் சம்மதத்தையும் உரிமையாகச் சொல்கின்றன. தயங்காமல் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்து எளிமைப்படுத்தலாமா?

முதல் வரைவுக்கு உதவும். வாக்கியத்தைச் சுருக்கும்போது "வேண்டாம்" என்பதையோ மருந்தின் அளவையோ மாற்றிவிடலாம். மருத்துவம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வரியையும் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

எழுதி முடித்த தாளை எப்படிச் சோதிப்பது?

யாருக்காக எழுதினீர்களோ அவர்களில் சிலரோடு உட்கார்ந்து. அவர்கள் படித்துவிட்டுத் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். எங்கே கண் நிற்கிறது, எந்தப் படத்தைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்று குறியுங்கள். நன்றாக இருக்கிறது என்று உங்களைச் சந்தோஷப்படுத்தச் சொல்வார்கள், அதனால் "இதில் எந்தப் படம் மோசம்?" என்று கேட்டால் நல்ல பதில் வரும். அவர்கள் செய்வது வேலை, அதற்குக் கூலி கொடுங்கள். திருத்தியதை மறுபடி அவர்களிடமே காட்டுங்கள். தாளின் அடியில் எழுதிய மாதத்தையும் வருடத்தையும், கேள்வி வந்தால் கூப்பிட ஒரு ஆளின் பெயரையும் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த ஆள் வேலை மாறினாலோ மருந்தின் அளவு மாறினாலோ, வீட்டில் ஒட்டியிருக்கும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டும் பொறுப்பு யாருடையது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.